குறுக்கே வராத நாய்

பூவாத்தாளுக்கு ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பின்னே என்ன, திருப்பூர் கோர்ட்டில் கூண்டேறி, தாலி கட்டினவருக்கு எதிராகவே சாட்சி சொல்ல வேண்டும் என்றால்? வக்கீல் அனிதா வாசித்துக் காட்டிய மனுவில் அப்படித்தான் இருந்தது. மனுதாரர் பூவாத்தாள். முதல் எதிர்மனுதாரர் ஆறுமுகசாமி, மொபெட்டை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியவர்.

"அவரு பேரை எடுத்துருங்க. இன்சூரன்ஸ்காரங்களை மட்டும் கேட்டாப் போதாதுங்களா?"

"ஓட்டுனவரு மேல தப்புன்னு ஆனாத்தாங்க பின்னாடி உக்காந்த உங்களுக்கு நஷ்டஈடு. குடுக்கப்போறது கம்பெனி. உங்க ஊட்டுக்காரரு இல்லை" என்றாள் அனிதா.

சோமனூரில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள் பூவாத்தாள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ரகசியம் பேசினாலும் அடுத்த வீதிக்குக் கேட்கும். வேலம்பாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்து, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராகப் பதினாலு வருசம் பெடலை மிதித்தாள். வேகத்தில் அவளுக்கு ஈடுகொடுக்க லைனில் ஆளில்லை. ஆனால் புருசனிடம் மட்டும் அந்தத் தொண்டை எழும்பாது. ஆறுமுகசாமி கட்டிங் மாஸ்டர், ரோசக்காரர். எதுக்கு வம்பு என்று விட்டுவிடுவாள்.

2005 ஆடி மாசம், ரெண்டு பேரும் வேலைக்குப் போகும்போது அவிநாசி ரோட்டோரம் கொட்டியிருந்த ஜல்லியில் வண்டி ஏறிச் சாய்ந்தது. அவருக்குச் சிராய்ப்பு. இவளுக்கு வலது கால் ரெண்டு இடத்தில் முறிந்தது. எலும்பில் வைத்த பிளேட்டை எடுத்து இன்னொரு ஆபரேசன் செய்தால்தான் இனிப் பெடல் மிதிக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு இந்த நஷ்டஈட்டை விட்டால் நாதியில்லை. ஒன்றரை வருசமாக ஊட்டோடு உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நாய் குறுக்க வந்துருச்சுங்க." ஆஸ்பத்திரியில் ஆறுமுகசாமி சொன்னது இது. ரிஜிஸ்டரிலும் ஏறிவிட்டது. போலீஸ் போட்ட கேசுக்கு அபராதம் கட்டிவிட்டு வந்தும் அவர் நாயை விடவில்லை. முதலில் அது வெறும் நாய். மறுமாசம் செவலை நாய். தீபாவளிக்குள் வால் அறுந்த செவலை நாய் ஆகிவிட்டது. கேட்டவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். அட, நாயென்று ஒன்று இருந்தால்தானே! அது பூவாத்தாள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லிச் சொல்லி, அவரே அதை நம்பிவிட்டார்.

இப்போது இன்சூரன்ஸ் கம்பெனியும் அந்த நாயைத்தான் பிடித்துக்கொண்டது. நாய் குறுக்கே பாய்ந்தால் ஓட்டினவர் மேல் என்ன தப்பு? தப்பே இல்லையென்றால் நஷ்டஈடு எதற்கு?

"நாயே வரலைன்னு சொல்லிப்போடு பூவா" என்றார் ஆறுமுகசாமி, பெரிய மனசோடு. "கேசுக்காக ஒரு பொய்யி. நானென்ன கோவிச்சுக்கவா போறேன்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிசத்தைப் பொய்யென்று நினைத்துக்கொண்டு அனுமதி கொடுக்கிறாரே மனுசன்! நிசமென்று தெரிந்தால் முகத்தில் முழிப்பாரா? அந்தப் பயத்தில்தான் சோறு இறங்கவில்லை.

கூண்டில் ஏறினாள். ஆறுமுகசாமி கடைசி பெஞ்சில் இருந்தார்.

"நாய் குறுக்கே வந்ததாலதான் விபத்து. சரிதானுங்களே?" என்றார் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல்.

"நாயுமில்லை நரியுமில்லீங்க."

"பணத்துக்காக இப்ப மாத்திச் சொல்றீங்க."

அவ்வளவுதான், சோமனூர்த் தொண்டை திறந்துகொண்டது. "எங்கண்ணன் ஊட்டுக் காதுகுத்துக்கு இவரை முறையாக் கூப்பிடலைன்னு சண்டைங்க சாமி. அவிநாசி ரோடு பூராத் திரும்பித் திரும்பிப் பேசிட்டே வந்தாரு. கடைசியா, 'உங்கண்ணன் என்னை மனுசனா மதிச்சானா'ன்னு ஒரு கையை விட்டுட்டு முழுசாத் திரும்புனாரு. ஜல்லி இருக்குன்னு கத்துனேன். 'எதுத்தா பேசற'ன்னாரு. ஏறிருச்சுங்க."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்ததும் அடங்கினார்கள். பூவாத்தாள் கடைசி பெஞ்சுப் பக்கமே திரும்பவில்லை.

தீர்ப்புக்கு வாய்தா போட்டார்கள். "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டீங்க" என்று தோளைத் தட்டிவிட்டு அனிதா அடுத்த கேசுக்குப் போய்விட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் ஆறுமுகசாமி நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோலை வைத்து வைத்து இவள் பக்கத்தில் போனாள். முகம் செத்துப்போயிருந்தது அவருக்கு.

"வக்கீலம்மா சொல்லிக் குடுத்ததா அது?"

"இல்லீங்க."

"எதுத்தா பேசறன்னு... நானா சொன்னேன்?"

"ஆமாங்க."

"ஒன்றரை வருசமா ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலையே பூவா."

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அவர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "வலிக்குதா?"

டாக்டர் கேட்டாயிற்று, வக்கீல் கேட்டாயிற்று, இன்சூரன்ஸ்காரன்கூடக் கேட்டாயிற்று. இவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"வலிக்குதுங்க" என்றாள். கோர்ட்டு வாசலே திரும்பிப் பார்க்க, சத்தம் போட்டு அழுதாள்.