கதவில் நசிந்த விரல்

பஸ்ஸில் வேலைக்குப் போகும் நாற்பது நிமிடமும் நான் துப்பாக்கி பார்த்துக்கொண்டு போவேன். போனில்தான். பக்கத்துச் சீட்டுக்காரி சீலை பார்ப்பாள். என் போனில் அமெரிக்கப் பெண் ஒருத்தி தன் கைப்பையைத் திறந்து காட்டுவாள். லிப்ஸ்டிக், வீட்டுத் திறப்புக் கொத்து, அதற்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு பிஸ்டல். "இது இருந்தால் பயமே இல்லை" என்பாள். கொடுத்து வைத்தவள்!

எனக்கு என்ன பயம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகளின் தகப்பனை விட்டு வெளியேறி அப்போது ஒன்றரை வருடம். பன்னிரண்டு வருடம் 'அவர்' என்று சொன்னவனை இனி 'அவன்' என்றுதான் எழுதுவேன். மல்வேர்னில் நானும் மகளும் வாடகைக்கு இருந்த நிலத்தடி பேஸ்மன்ரை அவன் கண்டுபிடித்துவிட்டான். காலையில் பஸ் தரிப்பிடத்துக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். இறங்க மாட்டான், ஏச மாட்டான். ஒரேயொரு தரம் போன் எடுத்துச் சொன்னான்: "நீ இல்லாட்டி நான் மட்டும் ஏன் இருக்கோணும்? ரெண்டு பேரும் சேந்தே போவம்." எங்கே என்று சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

பொலிசுக்குப் போனேன். முன்பு அடித்திருக்கிறானா, பதிவு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். பதிவு இருந்தது, பொய்ப் பதிவு. நான் வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பு அவன் என் வலக்கைச் சுட்டுவிரலைப் பிடித்துப் பின்னுக்கு முறித்தான். ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் நிற்க, "கார்க் கதவுக்குள் நசிந்துவிட்டது" என்று நானே என் வாயால் சொன்னேன். டொக்டர் அப்படியே எழுதினார். இப்போது மாற்றிச் சொன்னால் பொய்க்காரி என்று பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்து, பொலிசிடமும் கதவு என்றே சொல்லிவிட்டு வந்தேன். விசரி! அதற்காக என்னை நானே ஏசாத நாளில்லை.

நான் வேலை செய்வது முதியோர் இல்லமொன்றின் சமையலறையில். அங்கே என்னோடு பாத்திரம் கழுவும் மட்டக்களப்பு அக்கா ஒருவரிடம் மட்டும் துப்பாக்கிக் கதையைச் சொன்னேன்.

"என்னகா, கறிவேப்பிலை வாங்கப் போற மாதிரிக் கதைக்காய்? உனக்குப் பைத்தியமா?"

"பைத்தியமில்லை அக்கா. பயம். இப்பிடியே நிண்டு சாகச் சொல்லுறீங்களோ?"

அவர் ஞாயிற்றுக்கிழமை காலை காரோடு வந்து நின்றார்.

பிறம்ரன் பக்கம், களஞ்சியங்களுக்கு நடுவே ஒரு சுடும் இடம். லைசென்ஸ் இல்லாதவர்களும் பயிற்றுநர் பக்கத்தில் நிற்கச் சுட்டுப் பார்க்கலாம். பயிற்றுநர் ஒரு வெள்ளைக்காரி, தலை முழுக்க நரை. நான் சின்னதாக ஒன்று வேண்டும் என்றேன். எவ்வளவு சின்னது என்று கேட்டாள். என் கைப்பையைத் திறந்து காட்டினேன். அவள் பையையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அமெரிக்காவில் விற்பார்கள், இந்த நாட்டில் அந்த அளவு தடை. குழல் கட்டையாக இருந்தால் வைத்திருக்கவே விட மாட்டார்கள். ஒளிக்கக்கூடியதைத்தான் முதலில் தடுப்பார்கள்" என்றாள். இருந்ததில் சிறியவை மூன்றை எடுத்து வைத்தாள். முதலாவது என் கைக்குள் அடங்கவே இல்லை. இரண்டாவதன் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுக்க எனக்குப் பலம் போதவில்லை. மூன்றாவது கைக்குள் அடங்கியது. ஆனால் விரல் மடங்கவில்லை. பெயர் மட்டும் சுட்டுவிரல், சுடத்தான் உதவாது. கடைசியில் நடுவிரலால் இழுத்தேன்.

முதல் வெடிக்குக் கை மேலே எகிறியது. சூடான வெறும் தோட்டாக்கோது ஒன்று சட்டைக் கழுத்துக்குள் விழ, "அம்மா!" என்று கத்திவிட்டேன். இரண்டாவது, இலக்காகத் தொங்கிய காகித மனிதனின் காதோரம் போனது. மூன்றாவது நெஞ்சில் பட்டது. எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில்தான் வந்தது என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"இதை வாங்க என்ன செய்யவேணும்?" என்று கேட்டேன்.

வாங்க முடியாது என்றாள். கைத்துப்பாக்கி விற்பனையை அரசாங்கம் நிறுத்திவிட்டதாம். பையில் கொண்டு திரிவதை நினைத்தும் பார்க்காதே என்றாள். நீளமான வேட்டைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் எடுக்கலாம், அதற்கு வகுப்பு, சோதினை, பிறகு ஒரு படிவம். படிவத்தின் ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். கடைசி இரண்டு வருடத்துக்குள் என்னோடு சேர்ந்து வாழ்ந்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"போடாவிட்டால்?"

"நீங்கள் துப்பாக்கி கேட்கிறீர்கள் என்று அலுவலகம் அவருக்கு அறிவிக்கும்."

"ஆருக்கு?"

"அவருக்கு."

நான் தமிழில் சொன்னதும், "அட கடவுளே! கள்ளனிட்டக் கேட்டா பூட்டு வாங்கச் சொல்றாங்க?" என்றார் அக்கா.

அந்தக் கட்டத்தை உங்களைப் போன்ற பெண்களுக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றாள் வெள்ளைக்காரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லாப் போட்டார்கள்! படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவனுடைய கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, மகளின் பள்ளிக்கூடக் கடிதமெல்லாம் அவன் பெயரில் நான்தான் போட்டுவந்தேன். பேனையை எடுத்தேன். அலுவலகத்திலிருந்து அவனுக்கு ஒரு போன் போனால் என் கதி என்ன? படிவத்தை மேசை லாச்சிக்குள் தள்ளினேன். அடுத்த நாளும் கார் அங்கேதான் நின்றது. எனக்கு இனி வழியே இல்லை என்று நினைத்தேன்.

மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு நடுவே என் போன் அடித்தது. துப்பாக்கி லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்.

"உங்கள் முன்னாள் கணவர் வேட்டைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டிருக்கிறார். நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பயம் ஏதும் இல்லை என்பதை உறுதிப்படுத்தவே எடுத்தேன்."

வேட்டை! அந்த மனுசன் ஒரு கோழியைக்கூட உரித்ததில்லை. நான் போட்ட கையெழுத்தைக் காட்டுங்கள் என்றேன். போனைப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு ஈமெயிலில் படத்தை அனுப்பினாள்.

தமிழில் என் பெயர். முதல் எழுத்தின் சுழி வட்டமாக, அழகாக, கலியாணப் பதிவில் போட்டது போலவே இருந்தது. எங்கேயோ பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறான். ஆனால் விரல் முறிந்ததிலிருந்து எனக்கு அந்தச் சுழி வருவதில்லை. என் கையெழுத்து இப்போது கோணல் கோடு, வங்கிக்காரனே இரண்டு தரம் கேட்டுத் தன் பதிவை மாற்றினான். அவன் உடைத்ததை அவனே மறந்துவிட்டான்.

"ஹலோ, இருக்கிறீர்களா? இது உங்கள் கையெழுத்தா?"

"இல்லை" என்றேன். "என்ர கையாலை இப்ப இப்பிடி எழுத ஏலாது. விரல் உடைஞ்சு ரெண்டு வருசமாகப் போகுது."

"எப்படி உடைந்தது?"

அக்கா தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு ஈரக் கையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கதவு இல்லை" என்றேன். அவள் கதவைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "கதவே இல்லை. அவன்தான் முறிச்சவன். எழுதுங்கோ."