மூன்றாவது கோப்பை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் என்னைச் சிரம்பானில் ஒரு பேரங்காடிக்கு டிம் சம், அதுதான் சீனர்களின் அவித்த பலகாரம், சாப்பிட அழைத்துப் போனான். மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, எத்தனை பேர், என்ன வேண்டும் என்று அமுக்கினால் போதும். கொண்டுவருகிறவர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. மகன் என் கோப்பையில் தேநீர் ஊற்றினான். நான் என்னை அறியாமல் இரண்டு விரலால் மேசையைத் தட்டினேன்.

"என்னாம்மா, பசிக்குதா? இப்பதான ஆர்டர் போட்டேன், வரும் லா," என்றான்.

சோறு கேட்டு மேசையைத் தட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது, என் வாய் அப்படி. ஒன்றுமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் மூங்கில் கூடையின் மூடியைத் திறக்க, ஆவி முகத்தில் அடித்ததும், நான் சிரம்பானில் இல்லை. மந்தினுக்குப் போய்விட்டேன்.

மந்தின் பக்கத்துத் தோட்டத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அம்மா மரம் வெட்டினாள், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கினாள். அப்பா பால் லாரி ஓட்டினார். பால் என்றால் ரப்பர்ப் பால். இதையும் இப்போது விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள். வாரம் முழுக்க அந்தப் புளித்த நாற்றம் அப்பாவின் சட்டையை விட்டுப் போகாது. ஞாயிறு காலையில் மட்டும் நன்றாகத் தேய்த்துக் குளித்து, கழுத்தெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு, என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆ சோ கடைக்குக் கிளம்புவார்.

ஆ சோ அந்தச் சீனர் கடையின் சொந்தக்காரி. நாம் அண்ணி என்பது மாதிரி ஊரே அவளை அப்படிக் கூப்பிட்டது, சொந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசி அவள் வாயில் தமிழ் நன்றாகவே புரண்டது. அப்பாவுக்கு இறால் வைத்து அவித்தது, எனக்குச் சிவப்புப் பயறு வைத்து அவித்த பாவு ரொட்டி. அவசரத்தில் அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்தையும் சேர்த்துத் தின்றிருக்கிறேன். "தாளுக்குக் காசு இல்ல தங்கச்சி, இன்னும் வேணுமா?" என்று ஆ சோ கேலி செய்வாள்.

சாப்பிடும் முன் கோப்பைகளைச் சுடுதண்ணீரில் அலசுவது அங்கே வழக்கம். நாங்கள் இரண்டு பேர், அப்பா மூன்று கோப்பை அலசுவார். மூன்றாவதை ஈரம் உதறிக் காலி நாற்காலிக்கு முன்னால் வைப்பார்.

"பொஞ்சாதி எங்க?" என்பாள் ஆ சோ.

"அடுத்த வாரம் லா."

ஒவ்வொரு ஞாயிறும் இதே கேள்வி, இதே பதில். எனக்கே சிரிப்பு வரும். அம்மா வருகிற ஆளா? அவள் தோட்டத்து மாரியம்மனுக்குப் பூ கட்டுகிறவள்.

"பன்னி வேகுற கடையில உக்காந்துட்டு வந்து, இந்தக் கையால நான் பூவத் தொடணுமா?"

"ஒனக்கு வெறும் டீதான்டி. டீயிலயா பன்னிய போடுறான்?"

"நீங்களே குடிங்க."

யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டுவதும் அப்பா அங்கே படித்ததுதான். சீனர்கள் அப்படித்தான் நன்றி சொல்வார்கள். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு நன்றி சொன்னான்? வாயால் சொல்ல அப்பாவுக்கும் கூச்சம்தான். அதனால் அம்மா காப்பி ஊற்றும்போதெல்லாம் விரலால் தட்டிவிடுவார். அர்த்தம் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "வாயத் தொறந்து சொன்னா முத்து உதுந்துடுமா?" என்று நொடிப்பாள்.

அப்புறம் தோட்டத்தை விற்றார்கள். லயத்தை இடித்தார்கள், மாரியம்மனும் சாலை ஓரத்துத் தகரக் கொட்டகைக்குப் போனாள். நாங்கள் மந்தின் டவுனில் வாடகைக்கு வந்தோம். நான் அப்போது செனவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா காய்கறி லாரி ஓட்டினார். வீட்டிலிருந்து நடந்தால் ஆ சோ கடை வந்துவிடும். அப்பா நச்சரிப்பை விடவில்லை. ஒருநாள் அம்மா மனம் இளகி, "ஆடி பொறந்துருச்சி, அம்மன் மாசம். முடியட்டும், வர்றேன்," என்றாள். அப்பா அன்றைக்கே ஓடிப்போய் ஆ சோவிடம் சொல்லிவிட்டு வந்தார். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

ஆடி முடியவில்லை. வேலைக்குக் கிளம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா காப்பியோடு வந்தபோது அப்பா இல்லை.

கருமாதி முடிந்த அடுத்த ஞாயிறு, அம்மா வெறும் நெற்றியோடு என் முன்னால் வந்து நின்றாள். "அந்தக் கடைக்கு என்னையக் கூட்டிட்டுப் போ."

ஆ சோ எங்களைப் பார்த்தாள். மூன்று கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். நான் அலசக் கை நீட்டினேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு, மூன்றையும் தானே அலசினாள். ஆ சோ மூன்றிலும் ஊற்றினாள். அம்மா இரண்டு விரலால் தன் கோப்பைக்குப் பக்கத்தில் மேசையைத் தட்டினாள். அப்புறம் எட்டி, காலி நாற்காலிக்கு முன்னால் இருந்த கோப்பைக்குப் பக்கத்திலும் தட்டினாள்.

"ஒரு தடவ வந்திருந்தா எனக்கு என்னா கொறஞ்சிருக்கும்?" என்றாள். கருமாதியில்கூட அழாதவள் அங்கே, அத்தனை பேர் நடுவில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆ சோ பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நானும் அழுதேன். பாவு அப்படியே ஆறிப்போனது.

கிளம்பும்போது, "திரும்பி வா லா," என்றாள் ஆ சோ.

"அடுத்த வாரம்," என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது அங்கே கைப்பேசிக் கடை இருக்கிறது. ஆ சோவை அவள் மகன் கோலாலம்பூருக்கு அழைத்துக்கொண்டு போனான் என்றார்கள். தோட்டம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன, எந்த இடத்தில் எங்கள் லயம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மகன் இறால் வைத்ததை என் தட்டில் எடுத்து வைத்தான். நான் அப்பா, அம்மா இரண்டு பேருக்குமாகக் கோப்பைகளைத் தேடினேன். 'ஆட்கள்: இரண்டு' என்று அவன் கைப்பேசியில் போட்டிருந்தான். இரண்டு கோப்பைதான் வந்திருந்தது.