சிங்கப்பூர்க் கப்பலுக்கும் கொச்சிக் கப்பலுக்கும் நடுவில்

எங்கள் பக்கத்தில் ஒரு சாமானை முதல் கடையிலேயே விலை கேட்டு அங்கேயே வாங்கிக்கொண்டு வருகிறவனை யாரும் மதிப்பதில்லை. பாறசாலையிலிருந்து பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் வேறு மாநிலம் வந்துவிடும். பெட்ரோலுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக்கு இந்தப் பக்கம், கல்யாணச் சேலைக்கு அந்தப் பக்கம். கோழிக்கு எந்தப் பக்கம் என்பதை மட்டும் அந்தந்த வாரம் விசாரித்துக்கொள்ள வேண்டும். லாபத்துக்குப் பெட்ரோல் அடிக்க எல்லை தாண்டிப் போய், கிடைத்த லாபத்தைத் திரும்பி வருகிற வழியிலேயே எரித்துத் தீர்த்தவர்கள் இங்கே ஏராளம். அவர்களில் நானும் ஒருவன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை.

குன்னத்துகால் போகிற ரோட்டில் பெயின்டும் பைப்பும் விற்கிற கடை எனக்கு. வருகிறவர்களுக்கு முன்னால் விலை கூடிய பெயின்டைத்தான் எடுத்து வைப்பேன். அடித்தால் பத்து வருஷத்துக்குச் சுவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பேன். என் வீட்டுச் சுவரில் இருப்பது அதற்கு இரண்டு படி கீழே உள்ள சரக்கு. என் மனைவி தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்பதால் அவளை நான் கடைப் பக்கம் அதிகம் வரவிடுவதில்லை.

மகளுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை உறுதியாகி, மூன்று மாதத்தில் வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. மனைவி ஒரு நாள் முழுக்கச் சந்தோஷப்பட்டாள். மறுநாள் காலையில் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதாள். அதுவரை மகளுக்குத் திருவனந்தபுரத்தில் ஷிப்ட் வேலை, மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கடை திறக்கிறவன். நாங்கள் நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது போன கிறிஸ்துமஸ் அன்று. அதிலும் மகள் பாதிப் பிரியாணியில் டியூட்டிக்கு எழுந்து போனாள்.

“அவ போறதுக்கு முன்ன நாம நாலுபேரும் நாலு நாளு ஒரு இடத்துல இருக்கணும். யாரும் எங்கயும் எழும்பி ஓடப்பிடாது. எனக்கு அது மட்டும் போரும்” என்றாள் மனைவி.

யாரும் எழுந்து ஓட முடியாத இடம் கப்பல்தான் என்று அவளுக்குத் தோன்றியதில் நியாயம் உண்டு. ஆனால் அது தானாகத் தோன்றியதல்ல. அவளுடைய அக்கா, அமெரிக்காவில் இருக்கிற மகனோடு பெரிய குடும்பக் கப்பல் ஒன்றில் ஒரு வாரம் போய்வந்து, தினமும் வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தாள். கட்டிலின் மேல் துண்டை மடித்துச் செய்த யானை. மறுநாள் அதே துண்டில் குரங்கு. கப்பலின் மாடியில் ஆட்கள் தண்ணீரோடு சறுக்கி விழுகிற ஒரு ராட்சசக் குழாய். அந்தக் குழாய் எத்தனை இஞ்சு இருக்கும் என்று நான் கேட்டது யாருக்கும் பிடிக்கவில்லை. அதே மாதிரிக் கப்பல் சிங்கப்பூரிலிருந்தும் கிளம்புகிறது என்று அக்காவே சொல்லிக்கொடுத்தாள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு டிராவல்ஸுக்கு மனைவியும் நானும் போனோம். அங்கே இருந்த பெண் பளபளப்பான புத்தகம் ஒன்றை விரித்தாள்.

“இது பிரீமியம் ஆக்கும் அங்கிளே. சிங்கப்பூருல ஏறி நாலு நாளு. பெரிய பிள்ளைகளுக்கு டிஸ்கோ உண்டு, பனியில சறுக்கது உண்டு. ஏறினா பின்ன அவங்கள பாக்கவே வேண்டாம். உங்களுக்கு மூத்தவங்களுக்குன்னு தனி நீச்சல்குளம். ஆன்ட்டிக்கு ஸ்பா. ஒருத்தருக்கு ஒருத்தர் சல்லியம் கெடையாது.”

“அப்பம் நாங்க நாலுபேரும் எப்ப ஒண்ணா இருக்கது?” என்று மனைவி கேட்டாள்.

“சாப்பாட்டுக்கு டேபிள் உண்டு ஆன்ட்டி. வேணும்னா ஒண்ணா இருக்கலாம்.”

அதைவிட மலிவாக ஏதாவது உண்டா என்று கேட்டேன். வேறு வழியில்லாமல் ஒரு சாதாரண நோட்டீசை எடுத்தாள். கொச்சியில் ஏறி, பக்கத்துத் தீவு ஒன்றைப் பார்த்துவிட்டுக் கொச்சியிலேயே வந்து இறங்குகிற கப்பல். ரூமுக்கு ஜன்னல் இல்லை. அதற்குப் பதிலாகச் சுவரில் டி.வி. வைத்து அதில் வெளியே உள்ள கடலைக் காட்டுவார்களாம். “கீழ ரெண்டு கட்டிலு, மேல இருந்து ரெண்டு எறங்கி வரும். நாலுபேருக்கும் ஒரே ரூம்தான். ஒருத்தர் எழும்பி நின்னா மத்த மூணுபேரும் காலைத் தூக்கி வச்சுக்கணும்” என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.

இப்போது நினைத்தால், என் மனைவி கேட்டது அச்சு அசலாக இந்த ரூம்தான். ஆனால் அன்று அவள் கண் துண்டு யானையில் இருந்தது, என் கண் விலையில் இருந்தது. நான் கொச்சிக் கப்பலை விரும்பியதும் அந்த ஒரே காரணத்துக்காகத்தான். அதனால் அவள் அதை வெறுத்ததிலும் தப்பில்லை.

அன்றைக்கே கடையில் பழைய டைரி ஒன்றை எடுத்து, பக்கத்தின் நடுவில் கோடு போட்டு ஒப்பிட ஆரம்பித்தேன். சிங்கப்பூரில் பால்கனியில் நின்று கடல் பார்க்கலாம், கொச்சியில் டி.வி.யில் பார்க்கலாம். டி.வி.யில் பார்ப்பதற்குக் கொச்சி வரை எதற்கு என்று எழுதி, அது என் கட்சிக்கு எதிராக இருந்ததால் அடித்தேன். கொச்சியில் துண்டு உண்டு, யானை இல்லை. சிங்கப்பூருக்குப் பாஸ்போர்ட் வேண்டும், விமானம் ஏற வேண்டும்; கொச்சிக்கு ரயிலில் போய் இறங்கலாம், வழியில் வடை கிடைக்கும். இப்படி ஒன்பது பக்கம் எழுதினேன். பெயின்ட் வாங்க வந்தவர்களிடமும் கருத்துக் கேட்டேன். கப்பலையே பார்த்திராத கொத்தனார் ஒருவர் இரண்டிலும் வாந்தி வரும் என்று முடிவு சொன்னார்.

இதற்கிடையில் என் மனைவி ஒரு காரியம் செய்தாள். எங்கள் சபையில் எந்தச் சந்தோஷமும் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்து, ஆராதனையில் அது வாசிக்கப்பட்ட பிறகுதான் கணக்கில் சேரும். குழந்தை பிறந்ததற்கு, கார் ஓட்டும் லைசென்ஸ் கிடைத்ததற்கு, போர் போட்டுத் தண்ணீர் வந்ததற்கு, பித்தப்பைக் கல்லை எடுத்ததற்கு என்று எதற்கும் ஒரு கவர் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்போது சபைச் செயலாளர் வாசித்தார்: சிங்கப்பூர் சென்று கப்பலில் சுற்றுப்பயணம் போகவிருக்கும் குடும்பத்தின் சுகயாத்திரைக்காக. கேட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார் அந்தக் குடும்பம் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

அவள் பெருமைக்காகச் செய்ததாக அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். எனக்கு அவளைத் தெரியும். காணிக்கை கொடுத்தாகிவிட்டால் நான் பின்வாங்க முடியாது, பயணம் நடந்தே தீரும் என்று நம்பினாள். போதகர் காற்றையும் கடலையும் அதட்டி அமர்த்தும்படி உருக்கமாக ஜெபித்தார். டிக்கெட் எடுக்காத கப்பலுக்கு வந்த புயல் அன்றைக்கு அடங்கியது.

வாசலில் ஆட்கள் மொய்த்தார்கள். ஒருவருக்கு முட்டுவலித் தைலம் வேண்டும். அம்பூரியில் ரப்பர் வெட்டுகிற மனைவியின் சித்தப்பா, விடியுமுன் மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டுகிற லைட்டு அங்கே நல்லது கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். “எலே மருமோனே, ரெண்டு எடுத்துக்கோ. ஒண்ணு கெட்டுப்போனா ஒண்ணு கெடக்கட்டு” என்று என் தோளைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் முட்டிக்கொண்டது.

“சிங்கப்பூர் கப்பலுக்காக்கும் ஜெபம் செய்தது. இனி கொச்சின்னு எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போய்ச் சொல்லது?” என்றாள்.

“கடலு எல்லாம் ஒண்ணுதான். அந்த ஜெபம் கொச்சிக்கும் செல்லும்” என்றேன்.

அவள் இறங்கிவரவில்லை, நானும் ஏறிப்போகவில்லை. மழைக்காலம் நெருங்கினால் பெரிய கப்பலே விலை இறங்கும், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று இடைவழி ஒன்று சொன்னேன். ஒரு வாரம் ஐந்து வாரமாயிற்று. மகள் மூன்று தடவை போன் செய்தாள். “எந்தக் கப்பலானாலும் எனக்குக் கொழப்பமில்ல அப்பா. லீவு எழுதிக் குடுக்கணும், தேதி மட்டும் சொல்லுங்க.” அடுத்த வாரம் சொல்கிறேன் என்று மூன்று தடவையும் சொன்னேன். மகள் என்னிடம் கேட்டது ஒரு தேதி. ஒன்பது பக்க டைரியில் அது ஒன்றுதான் இல்லை.

கடைசியில் நான் சொன்னதே நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை டிராவல்ஸ் பெண் கூப்பிட்டு, சிங்கப்பூர்க் கப்பல் விலை பாதியாக இறங்கிவிட்டது, கொச்சிக்கும் இதற்கும் இனிப் பெரிய வித்தியாசமில்லை என்றாள். அன்று எனக்கு வந்த பெருமிதம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன் போனை நீட்டினாள். அயர்லாந்து ஆஸ்பத்திரியில் பயிற்சியை முன்னால் தள்ளிவிட்டார்கள். மகள் பத்து நாளில் கிளம்ப வேண்டும். வேலையை ஒப்படைத்து முடிக்கவே ஏழு நாள் ஆகும் என்று மகள் எழுதியிருந்தாள்.

விலை இறங்கிய செய்தியை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

“நல்ல வெலை பாத்தீங்க” என்றாள் மனைவி. சத்தம் போடவில்லை, அழவில்லை. எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு அன்றைய நாளைக் கடத்தியிருப்பேன். அந்த மூன்று வார்த்தையைக் கேட்டு எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை செயலாளர் மகளின் அயர்லாந்துப் பயணத்துக்காக வாசித்தார். சபையின் ஞாபகசக்தி பொல்லாதது. வாசலில் ஒருவர், “கப்பல்லயா போறா?” என்று கேட்டார். அம்பூரிச் சித்தப்பா, அயர்லாந்தில் ரப்பர் உண்டா, நெற்றி லைட்டு கிடைக்குமா என்று விசாரித்தார். மனைவி எல்லாவற்றுக்கும் சிரித்தபடி தலையாட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் ஸ்கூட்டர் நிறுத்திய இடத்துக்குப் போய்விட்டேன்.

பத்து நாளும் பெட்டிகளுக்கே போயிற்று. மகள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடினாள். வீட்டில் இருந்த நேரத்தில் யாராவது பார்க்க வந்தார்கள். நார்த்தங்காய் ஊறுகாயைப் பெட்டியில் வைப்பதும், எடை பார்த்து எடுப்பதும், மனைவி மறுபடியும் வைப்பதுமாக இருந்தது. மகனுக்குப் பரீட்சை. மகள் கிளம்புகிற நாளன்று காலையில்தான் அவன் திருவனந்தபுரத்தில் ரயிலில் வந்து இறங்கினான். விமானம் சாயங்காலம். நாங்கள் நாலு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது, மத்தியானம் காரில் ஏறிக் கதவை அடைத்தபோதுதான். நான் ஸ்டியரிங்கில், மகன் பக்கத்தில், பின்னால் தாயும் மகளும், அவர்கள் மடியில் டிக்கியில் கொள்ளாத பை.

எங்களூரிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு வழி. காரோடு என்கிற இடத்தில் பைப்பாஸில் ஏறினால் வெண்ணெய்மேல் கத்தி போவதுபோலப் போய்விடலாம். பழைய ரோடு என்றால் அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று கவலை என்று நாங்கள் சொல்கிற ஒவ்வொரு நாற்சந்தியிலும் நின்று, லாரிக்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஆட்டோ என்று ஊர்ந்து போக வேண்டும். பைப்பாஸ் திறந்த நாளிலிருந்து பழைய ரோட்டில் போகிறவர்களை நான் முட்டாள் என்றே சொல்லிவந்திருக்கிறேன், மிச்சமாகும் நிமிடத்தைக் கணக்குச் சொல்லி.

நான் வண்டியைப் பழைய ரோட்டில் விட்டேன்.

“அப்பா, பைப்பாஸ் போகலியா?” என்றாள் மகள்.

“அங்க இன்னைக்குப் பிளாக்கு ஆக்கும்” என்றேன். காலையில்தான் அந்த வழியாகப் போய் மகனை அழைத்துவந்தேன். காக்கா குருவி இல்லை. மகன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

நெய்யாற்றின்கரையில் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் நின்றோம். மகன் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஏதோ சொன்னான், மகள் சிரித்தாள், மனைவி பையிலிருந்து முந்திரிக்கொத்தை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். பாலராமபுரத்தில் வழக்கம்போல எல்லா வண்டியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. சாதாரணமாக அங்கே என் மனைவி வாட்சைப் பார்ப்பாள், என்னைத் திட்டுவாள். கண்ணாடியில் பார்த்தேன். மகளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சிக்னல் பச்சையாயிற்று. முன்னால் இருந்த பஸ் நகர்ந்தது. பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹார்ன் அடிக்க, நான் அவசரமாகக் கியரைப் போட்டேன்.

“அவன் அடிக்கட்டு” என்றாள் மனைவி. “நீங்க மெல்லப் போங்க.”