கைக்கு எட்டாத புல்

அவளுக்குக் கோடு என்று பேர் வைத்தவர் ஊசி. ஊசி என்பதும் பட்டப்பெயர்தான். சாவி வெட்டும் கடைக்கு மேல்மாடியில் பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறார். பெரிய உருவம். கதவுக்குள் நுழையும்போது தோளைச் சாய்த்துத்தான் நுழைய முடியும். முன்னறை அவருடையது. பின்னறையில் கோடு உட்கார்ந்து தழும்பு போடுகிறாள். மையும் கிடையாது, இயந்திரமும் கிடையாது. மெல்லிய கத்தியால் தோலில் படத்தை வெட்டி, அது ஆறும்போது மேடாக எழும்பி நிற்கும்படி செய்வது அவள் தொழில். நாள் முழுக்க மனிதர்களைக் குத்திக்கொண்டிருக்கும் ஊசி, அவள் கத்தியை எடுத்துவிட்டால் பின்னறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

"நான் குத்துறவன்மா. வெட்டுறதெல்லாம் நமக்கு ஆகாது" என்று திரையை இழுத்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார்.

இதற்கு முன்பு அவள் பை செய்யும் தொழிற்சாலையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பக்கத்து மேஜைக்காரி குனிந்தபோது அவள் தோளில் கயிறு மாதிரி ஒரு வளையம் புடைத்து நின்றது தெரிந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதைப் போட்ட ஆளைத் தேடிப்போய், அவரிடம் தட்டும் தரையும் கழுவி, வேலையைக் கற்றுக்கொண்டாள். சொந்தக்காரர்களுக்கு இன்னும் அவள் "தோல் வேலை" பார்க்கிறவள்தான். கணவனின் சித்தி ஒருத்தி விசேஷத்துக்கு எடுத்துப்போக ஒரு கைப்பை கேட்டு நச்சரித்து, கடைசியில் பழைய கைப்பழக்கத்தில் ஒன்று தைத்தே கொடுக்க வேண்டியதாயிற்று.

"தோல் வேலை" என்று சொல்லவைத்தவள் நாத்தனார். கணவனுக்கு மூத்தவள். தாயில்லாத தம்பியை வளர்த்து, குழாய் வேலை கற்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தவள். பெரிய மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறை அவள் பொறுப்பில் இருக்கிறது. அவள் கட்டிய புண் அடையாளம் தெரியாமல் ஆறும் என்று டாக்டர்களே சொல்வார்கள். கோடு மருமகளாக வந்த புதிதில் ஒருதரம் வாசற்படியில் நின்றே சொன்னாள்:

"நான் பகல் பூரா மூடிட்டு வர்றேன். நீ பகல் பூரா திறந்துட்டு வர்ற. ஒரே வீடு, ஒரே சோப்பு. நடக்கட்டும். ஆனா சாப்பிடுற எடத்துல அந்தப் பேச்சு வேண்டாம்."

அந்தப் பேச்சு வரவில்லை. இருவரும் ஒரே குழாயில், ஒரே மாதிரி, முழங்கைவரை தேய்த்துக் கைகழுவினார்கள். அவ்வளவுதான் ஒற்றுமை.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது நாத்தனார் கேட்டது கோடுவின் காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை.

"எனக்கு ஒண்ணு போட்டு விடுறியா?"

"என்ன அண்ணி, காப்பியா?"

"தழும்பு."

கோடு கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன், நான் கேக்கக் கூடாதா?" நாத்தனார் பீன்ஸின் நாரை உரித்தபடியே பேசினாள். "மோவாயில இருக்கறது மாடிப்படியில விழுந்தது. புறங்கையில இருக்கறது எண்ணெய் தெறிச்சது. வயித்துல டாக்டர் போட்டது. உடம்பு முழுக்க அதுவா வந்ததுதான். ஒண்ணாவது நான் கேட்டு வரட்டுமே. அடுத்த வருஷம் வேலையை விட்டுட்டா, அப்புறம் எவன் என்னை என்ன வேணும்னு கேக்கப் போறான்?"

கோடுவுக்குப் பயமாக இருந்தது. முன்பின் தெரியாதவர்களுக்கு வெட்டும்போது வராத பயம். வெளியாளுக்குச் சரியாக வராவிட்டால் அவர் திட்டிவிட்டுப் போவார். இந்த அம்மாள் எங்கே போவாள்? தினமும் சாப்பாட்டு மேஜையில் எதிரே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இத்தனை வருஷம் பேசாமல் இருந்தது சரிதான் என்று அந்தக் கையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் அண்ணி முதன்முதலாக அவள் தொழிலை வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மாட்டேன் என்றால் இன்னொருமுறை கேட்கமாட்டாள்.

"கடைக்கு வாங்க. எல்லாருக்கும் என்ன முறையோ அதேதான்" என்றாள்.

முறை என்பது சோதனைக் கோடு. யார் வந்தாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், முதலில் தோள்பட்டைக்குப் பின்னால் விரற்கடை நீளத்துக்கு ஒரே ஒரு கோடு. அப்புறம் மாசக்கணக்கில் காத்திருக்கவேண்டும். தழும்பைப் பாதி அவள் போடுகிறாள், மீதியை உடம்பு போடுகிறது. சிலர் தோல் மேடு கட்டும், சிலருடையது தட்டையாகவே ஆறிவிடும். அது ஏன் முதுகில் என்று கேட்பவர்களிடம், "கண்ணுக்குத் தெரியிற எடத்துல போட்டா நோண்டிக்கிட்டே இருப்பீங்க. தெரியாத எடத்துலதான் தோல் தன் குணத்தைக் காட்டும்" என்பாள். நாத்தனாரின் சோதனைக் கோடு அழகாக எழும்பியது. வழுவழுப்பாக, ஒரே சீராக, அரிசி நிறத்தில்.

அது ஆறியதைக் காட்ட வந்த அன்றைக்கு நாத்தனார் ஒரு படமும் கொண்டுவந்தாள். குருவி. இறகு இறகாக வரைந்திருந்தது.

"தோல் காகிதம் இல்ல அண்ணி. இவ்வளவு நெருக்கமா வெட்டினா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வீங்கிரும். குருவி கோழியாயிடும்."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊசியின் குரல் வந்தது. "என்கிட்ட வாங்கம்மா, குருவியைக் குருவியாவே போட்டுத் தர்றேன்."

"உங்க ரேடியோவை வைங்க" என்றாள் நாத்தனார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கடியில், ஈரம் கசியும் விரிசலில் மூன்று தாள் புல் காற்றில் ஒரே பக்கமாக வளைந்து நின்றது. "அது வருமா?"

"அது வரும்."

"ஒரு புல்லுக்கா இத்தனை மாசம் காக்க வச்சே!"

முன்கையின் உட்பக்கம் வெட்டுவது என்று ஆயிற்று. அன்று நாத்தனார் நாற்காலியில் சாய்வதற்கு முன் தட்டை ஒரு நோட்டம் விட்டாள். கத்திப் பொட்டலத்தின் தேதியைப் பார்த்தாள். கையுறையை எப்படி மாட்டுகிறாள் என்று பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படாததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கோடு வெட்டிக்கொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள்.

"ஆழம் ஒரே மாதிரி போகுது" என்றாள்.

"பேசாம இருங்க அண்ணி."

"பாராட்டினாலும் தப்பா?"

அதற்கப்புறம்தான் முக்கியமான பாதி. புண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவேண்டும், ஆனால் சீக்கிரம் ஆறவிடக் கூடாது; ஆறினால் மேடு கட்டாது. குளிக்கும்போது மெல்லிய பிரஷ்ஷால் பொருக்கைத் தேய்த்து எடுக்கவேண்டும். களிம்பு கிளிம்பு எதுவும் வேண்டாம். நாத்தனார் தலையாட்டினாள். தினமும் காலையில் குளியலறையிலிருந்து பிரஷ் சத்தமும் பல்லைக் கடிக்கும் சத்தமும் கேட்டன.

ஆனால் புல் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் மேடு இறங்கியது. பிறகு சிவப்பு போயிற்று. கூரை விளக்குக்கு நேராகக் கையைப் பிடித்தால்தான் மூன்று மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி அழித்த மாதிரி.

சாப்பிடும்போது கணவன் அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னக்கா, புல்லை மாடு மேஞ்சுடுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் ரசத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ஒழுங்காத் தேய்க்கிறீங்களா அண்ணி?"

"நீ சொன்னதைத்தான் செய்யறேன். என் தோல்லயா குத்தம், உன் கையிலயா குத்தம்னு நீயே பாத்துக்க."

இதற்குத்தான் கோடு பயந்தாள். தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஆழம் போதவில்லையா? வீட்டாள் என்று கை தயங்கிவிட்டதா? ஆனால் அதே தோல், அதே கை, முதுகில் அந்தச் சோதனைக் கோடு இன்னும் கயிறு போல நிற்கிறது. முதுகில் நிற்கிறது, கையில் நிற்கவில்லை. தோல் ஒன்றுதான் என்றால் வேறு என்ன வித்தியாசம்?

விடை சாயங்காலம் தொலைக்காட்சி முன்னால் கிடைத்தது. நாத்தனார் சீரியலில் மூழ்கியிருந்தாள். மாமியாரை எதிர்த்துப் பேசிய மருமகளை இங்கிருந்தே திட்டிக்கொண்டிருந்தாள். அவள் வலதுகை மட்டும் தனியாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. இடுப்புப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தது. கட்டைவிரலால் மூடியைத் திறந்தது. ஒற்றை விரலில் துளி தொட்டு, இடதுகையின் புல்மீது அடிவேரிலிருந்து நுனிவரை ஒரே சீராகத் தடவியது. மூடியது. பைக்குள் போட்டது. கண் ஒருமுறைகூடக் கீழே வரவில்லை. மற்றவர்கள் விரலை நெட்டி முறிக்கிற மாதிரி.

"அண்ணி, கையில என்ன?"

"எந்தக் கையில?"

நாத்தனார் கையைப் பார்த்தாள். பளபளத்தது. விரலை மோந்து பார்த்தாள். சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"இதை நானா போட்டேன்?"

"தினமும் போட்டிருப்பீங்க போல."

வார்டில் நாளெல்லாம் போடுகிற களிம்பு. புண் கண்ணில் பட்டால் கை தானாகப் போய்விடும். காலையில் பல்லைக் கடித்துத் தேய்த்ததை எல்லாம் சாயங்காலம் அவளே சமாதானப்படுத்தியிருக்கிறாள். கணவன் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். "அக்கா, உன்னை மாதிரி ஒரு நர்சு கெடைக்க உனக்குக் கொடுத்து வச்சிருக்கணும்!"

நாத்தனார் சிரிக்கவில்லை. டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். கோடு கொஞ்சநேரம் கழித்துத்தான் போனாள். நாத்தனார் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"வயசான காலத்துல எனக்கெதுக்கு இது. கேட்டேன், என் கையே வேண்டாம்னு சொல்லிடுச்சு. விடு."

"அதே எடத்துல மறுபடி நான் வெட்டமாட்டேன். யாருக்கும் வெட்டினதில்ல."

"அதான் விடுன்னு சொல்றேனே."

"இன்னொரு கையில போட்டா இந்தக் கை போய்த் தடவும்."

"ஆமா, தடவும். இதை வெட்டி எறியவா முடியும்?"

கோடு அவள் பின்னால் போய் நின்றாள். ரவிக்கையின் விளிம்பை லேசாக இறக்கிப் பார்த்தாள். சோதனைக் கோடு. லேசாக ஒருபக்கம் வளைந்திருந்தது. வெட்டியபோது நேராகத்தான் வெட்டினாள். ஆறும்போது தோள்பட்டை அசைந்து அதுவாக வளைந்துகொண்டது.

"அண்ணி, ஒரு தாள் ஏற்கனவே இருக்கு. பக்கத்துல ரெண்டு போட்டாப் போதும்."

"முதுகுலயா? எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. கையும் எட்டாது. அதனாலதான்."

நாத்தனார் முன்கையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கேட்டது காப்பி ஊற்றும்போது கண்ணில் படுகிற புல். இது அடுத்தவர் சொல்லித்தான் இருக்கிறது என்று தெரியவேண்டிய புல்.

"அப்ப தேய்க்கிறது யாரு?"

"நான்தான்."

"காலையில எனக்கு ஏழு மணிக்குள்ள கெளம்பணும்."

"அதுக்கு முன்னாடி எந்திரிக்கிறேன்."

அப்படித்தான் அந்த வீட்டில் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. வெட்டி முடிந்த மறுநாளிலிருந்து தினமும் காலை குளியலறையில் நாத்தனார் முக்காலியில் திரும்பி உட்காருவாள். கோடு முதுகில் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பாள். வீட்டில் யாரையும் தன் உடம்பில் ஒரு பிளாஸ்திரி ஒட்டவிடாதவள் நாத்தனார். அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"கையக் கழுவினியா?"

"கழுவிட்டேன்."

"எத்தனை தடவை?"

"அண்ணி!"

"சீழ் வாடை ஏதாவது வருதா, மோந்து பாரு."

"வரல."

"ஓரம் சிவந்திருக்கா?"

"சிவந்துதான் இருக்கு. சிவந்துதான் இருக்கணும். நீங்க சுவத்தைப் பாருங்க."

கதவுக்கு வெளியே கணவன் துண்டோடு நின்று, "ரெண்டு நிபுணரும் முடிச்சீங்கன்னா நானும் குளிக்கலாம்" என்பான். ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் வார்டில் நடந்ததைச் சொன்னாள். கோடு கடையில் ஒருவன் காதலி பெயரை வெட்டச்சொல்லி வந்ததையும், பேர் மட்டும் வெட்டமாட்டேன் என்று அனுப்பியதையும் சொன்னாள். அந்தப் பேச்சு அப்படியே சாப்பாட்டு மேஜைவரை வந்துவிட்டது. யாரும் நிறுத்தவில்லை.

தேய்ப்பதை நிறுத்தி ரொம்ப நாள் ஆன பிறகு, ஒரு விடுமுறைக் காலையில், நாத்தனார் அலமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கைக்கண்ணாடியை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். கோடு கதவருகில் நின்றாள். வேலையைப் பற்றி அவளாகக் கேட்பதில்லை.

மூன்று தாள். ஒன்று வெளிறியும், இரண்டு இன்னும் இளஞ்சிவப்பாகவும், மூன்றும் ஒரே பக்கம் வளைந்து புடைத்து நின்றன.

"நடுவுல இருக்கறது கொஞ்சம் தடிமன்" என்றாள் நாத்தனார்.

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு."

கைக்கண்ணாடியைக் கட்டிலில் போட்டாள். வலதுகையைத் தோளுக்குமேல் கொண்டுபோய் விரலை நீட்டினாள். எட்டவில்லை. முழங்கையை இடதுகையால் பிடித்துத் தள்ளிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் நீட்டினாள். நடுவிரல் நுனி எதிலோ பட்டது. அப்படியே நின்றாள்.

"எட்டுது" என்றாள். "ஒரு நுனி மட்டும்."

கோடு போய் அவள் இடுப்புப் பையைத் தடவிப் பார்த்து, டப்பாவை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப தொட்டுப் பாருங்க" என்றாள்.