கறுப்பு மை பூசிய நடனம்: பீர்க்கன்கரணையிலிருந்து திருமுடிவாக்கம் வரை ஒரு சனிக்கிழமை

முழங்கால் வலி உள்ளவர்களும் போய்வரக்கூடிய ஒருநாள் பயணங்களைப் பற்றித்தான் இந்த வலைப்பூவில் எழுதி வருகிறேன். இந்த முறை போன ஊர்கள் எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இருக்காது. கீழ்க்கட்டளை, அங்கிருந்து திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை. போக மட்டும் சுமார் இருபத்தேழு கிலோமீட்டர். தை மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை போனேன்.

காரணம் என் முழங்கால்தான். உடற்பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நடைப்பயிற்சி அலுத்துப்போய், பக்கத்துத் தெருப் பெண்கள் இழுத்துக்கொண்டு போனதில், குரோம்பேட்டையில் ஒரு பெல்லி டான்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். ஐம்பத்து நான்கு வயதில், முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள், இடுப்பில் சலங்கைத் துணி கட்டிக்கொண்டு ஆடுவதைக் கற்பனை செய்து சிரித்துக்கொள்ளுங்கள். என் கணவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் எங்கள் பயிற்சியாளர் செல்போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். சினிமா பிறந்த புதிதில், பேச்சும் பாட்டும் வராத காலத்தில், ஒரு பெண் கேமரா முன் நின்று ஆடியது. ஒரு நிமிடம்கூட இல்லை. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு மட்டும் அது புதிதாக இல்லை. ஏனென்றால் இப்படி ஒரு படத்தை நான் எட்டாம் வகுப்பில் ஐம்பது தடவையாவது பார்த்திருக்கிறேன்.

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி மெஹருன்னிசா இருந்தாள். மெஹர் என்றால்தான் திரும்புவாள். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா, புரொஜெக்டர் பழுது பார்ப்பவர். பள்ளிக்கூடங்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் வாடகைக்கு விடப்படும் சின்ன புரொஜெக்டர்கள் அவரிடம்தான் வரும். சரி செய்த இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, குட்டி ரீல் ஒன்று வைத்திருந்தார். ஏதோ ஒரு பழைய இயந்திரத்தோடு வந்தது. அதில் ஒரு பெண் ஆடுவாள். தலையில் காசு மாலை, காலில் செருப்பில்லை, சத்தம் இல்லை. புரொஜெக்டரின் கடகடப்புதான் தாளம்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு, "அத்தா, இன்னொரு தடவை, அத்தா" என்று நாங்கள் கெஞ்சுவோம். அவர் ரீலை மாட்டி ஓடவிட்டுவிட்டு டீ குடிக்க வெளியே போய்விடுவார். நானும் மெஹரும் தாவணியை இடுப்பில் முடிந்துகொண்டு சுவரில் ஆடும் அந்தப் பெண்ணோடு ஆடுவோம். அந்த மதியங்களின் வெக்கையும், சூடான விளக்கின் வாசனையும், மெஹரின் இடுப்பு என் இடுப்பில் இடித்ததும் இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கின்றன.

பள்ளி வராந்தாவில் ஒருநாள் அதை ஆடிக் காட்டினேன். டீச்சர் பார்த்துவிட்டார். சாயங்காலம் அப்பா கேட்டார், "யார்கிட்ட கத்துக்கிட்ட?" பெல்ட் அவர் கையில் இருந்தது. நான் சொன்னேன், "மெஹரோட அத்தாதான் படம் போட்டு ஆடச் சொன்னாரு."

படம் போட்டது உண்மை. ஆடச் சொன்னார் என்பது பொய்.

அப்பா இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நின்றார். நான் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். மெஹரின் அத்தா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டே மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு கீழ்க்கட்டளைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நான் மெஹரைப் பார்க்கவில்லை.

பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவள் எண் கிடைத்தது. "நான் பீர்க்கன்கரணை கலா. அந்த டான்ஸ் ரீல் இன்னும் இருக்கா?" என்று அனுப்பினேன். மூன்றாம் நாள், அவள் அத்தா இறந்துபோன செய்தியோடு பதில் வந்தது: "அத்தா மவுத்தாயி ஆறு வருஷம். ரீல் இருக்கு. வா."

காலை 8.40க்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ, நான்கு கிலோமீட்டர், இருபது ரூபாய். ரயில் நிலையத்தில் படியேற வேண்டாம், நகரும் படிக்கட்டு இருக்கிறது. 9.25 ரயிலில் பதினோரு நிமிடத்தில் பல்லாவரம், ஐந்து ரூபாய். சனிக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. பல்லாவரத்திலிருந்து ரேடியல் ரோட்டில் கீழ்க்கட்டளைக்கு இன்னொரு ஷேர் ஆட்டோ. இரண்டு பக்கமும் பெரிய ஏரி, நடுவில் சாலை. தை மாதத்தில் தண்ணீர் இருக்கும், காற்று நன்றாக இருக்கும்.

"இன்னாக்கா, கீழ்க்கட்டளைல எங்க எறங்கணும்?" என்றார் டிரைவர்.

"ஏரிக்குப் பக்கத்துல. டிரைவிங் ஸ்கூல் நடத்துற அம்மா வீடு."

"மெஹர் அக்கா வூடா? அப்டி சொல்லு. என் வூட்டுக்காரிக்கு அவங்கதான் லைசென்ஸ் எடுத்துக் குடுத்தாங்க. இப்போ அது இன்னாடான்னா, எனக்கே ஓட்ட சொல்லிக் குடுக்குது. ஒரே பேஜாரா கீது."

சிரித்தேன். இறங்கி இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதிக்காக நின்றேன்; கட்டணமே இருபதுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

மெஹர் வாசலிலேயே நின்றிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், முக்காட்டின் ஓரத்தில் நரை. "குண்டாயிட்ட" என்றாள். "நீயும்தான்" என்றேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய் டீ கொடுத்தாள். மேசையில் துருப்பிடித்த வட்டமான தகர டப்பா இருந்தது.

டீயைத் தொடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தேன். சொன்னேன். "மெஹர், அன்னைக்கு எங்கப்பா உங்க வீட்டுக்கு வந்து கத்தினாரே, அது நான் சொன்ன பொய்யால."

"தெரியும்" என்றாள். "நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். 'என் பொண்ண ஆடச் சொன்னியாமே'ன்னு கேட்டாரு உங்கப்பா. வேற யாரு சொல்லியிருப்பா?"

"உங்க அத்தா ஏன் இல்லைன்னு சொல்லல?"

"நானும் கேட்டேன். 'நான் இல்லைன்னு சொன்னா அந்தப் புள்ளைக்கு அடி விழும்'னாரு."

நான் அழுதுவிட்டேன். மெஹர் என்னைத் தேற்றவில்லை, எழுந்து போய்விடவும் இல்லை. டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்து, "அதனாலதான் வீடு மாத்தினோம். அதை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன் கலா. மன்னிச்சிட்டேன்னும் உடனே வாய்ல வரல. டீ ஆறுது, குடி. ரீலப் போய்ப் பாப்போம்" என்றாள்.

இந்த மாதிரி பழைய ரீலை எடுத்த எடுப்பில் புரொஜெக்டரில் மாட்டக்கூடாதாம், அறுந்துவிடும். திருமுடிவாக்கத்தில் ஜெயசீலன் என்பவர் பல்சக்கரம் கடையும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். பழைய ஃபிலிமைப் படம் பிடித்து கம்ப்யூட்டரில் ஏற்றும் இயந்திரம் ஒன்றை ஆசைக்காகத் தானே செய்து வைத்திருக்கிறார். அவர் மனைவி மெஹரிடம் கார் ஓட்டக் கற்றவர்.

டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போனோம். 10.50க்குக் கிளம்பி, பம்மல், அனகாபுத்தூர் வழியாகப் பதின்மூன்று கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். பம்மலில் மட்டுமே இருபது நிமிடம் போனது. என் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. "கால அங்க வைக்காத, வண்டி நின்னுடும்" என்று மூன்று தடவை சொன்னாள். நான்காவது தடவை வண்டி நின்றேவிட்டது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. கிளம்பியதிலிருந்து மெஹர் முதல் தடவையாகச் சிரித்தாள்.

தொழிற்பேட்டைக்குள் சாலை குண்டும் குழியுமாகத்தான் இருக்கிறது. ஜெயசீலன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். டப்பாவைத் திறந்ததும் வினிகர் மாதிரி காடி வாசனை குப்பென்று அடித்தது. ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் அடிக்குமாம்.

"நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்கக்கா. இன்னும் ரெண்டு மழை தாங்கியிருக்காது" என்றார். நூறு வருடத்துக்கும் முந்திய படமாக இருந்தாலும் இந்த ரீல் அதற்கு எவ்வளவோ பின்னால் எடுத்த நகல் என்று விளக்கினார். ஃபிலிமின் இரண்டு ஓரத்திலும் துளை இருந்தது. ஒலி பதிக்க இடமே இல்லை. மௌனப் படத்துக்கு அதுதான் அடையாளம். மொத்தம் இருபத்தைந்து அடி. அடிக்கு நாற்பது குட்டிச் சதுரப் படம். கணக்கு டீச்சருக்குச் சொல்ல வேண்டுமா? ஆயிரம் படம், நொடிக்குப் பதினாறு வீதம் ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் மேல்.

நாங்கள் இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்தோம். ஜெயசீலன் ரீலைத் தன் இயந்திரத்தில் மாட்ட, கம்ப்யூட்டர் திரையில் முதல் படம் வந்தது. அதே முகம். அதே காசு மாலை. தூக்கிய கைகள். கீழே வெறும் பாதங்கள்.

நடுவில் ஒன்றும் இல்லை. மார்புக்குக் கீழிருந்து தொடை வரை ஒரே கறுப்புப் பட்டை. அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும்.

"இது முன்னாடி கிடையாது" என்றேன்.

மெஹர் வாயைப் பொத்திக்கொண்டாள். "கீழ்க்கட்டளைக்கு வந்த புதுசுல, அத்தா ஜன்னல்கிட்ட உக்காந்து சின்ன பிரஷ்ஷ வச்சு என்னவோ பண்ணிட்டே இருப்பாரு, நாள் கணக்கா. ஒட்டு போடறாருன்னு நினைச்சேன். இந்தப் படத்த அப்புறம் எங்க முன்னாடி ஓட்டவே இல்ல."

புரொஜெக்டர்களைச் சோதிக்க மெஹரின் அத்தாவுக்கு ரீல் வேண்டும். யார் கண்ணிலாவது பட்டு இன்னொருவர் வாசலில் வந்து நிற்கவும் கூடாது. அதற்காக ஆயிரம் படத்திலும், விரல் நகத்தளவு சதுரங்களில், ஒவ்வொன்றாக மை பூசியிருக்கிறார். நான் சொன்ன ஒரு வரிக்காக.

அந்தக் காலத்தில் வெளிநாட்டிலும் இப்படிப்பட்ட நடனங்களின் மேல் வேலி மாதிரி கோடு போட்டு மறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று ஜெயசீலன் சொன்னார். என் காதில் சரியாக ஏறவில்லை. அவர் ரீலின் நுனியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அக்கா, ஃபிலிமுக்கு ரெண்டு பக்கம். மங்கலா இருக்கிற பக்கத்துலதான் படம் இருக்கு. அதுல பூசியிருந்தா சுரண்டும்போது படமும் போயிடும். இவரு பளபளப்பா இருக்கிற பக்கத்துல பூசியிருக்காரு. ஒரு இடத்துலகூட மாறல. வேலை தெரிஞ்சவரு. துடைச்சா போற மாதிரிதான் பூசியிருக்காரு."

பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு முதல் படத்தைத் துடைத்துக் காட்டினார். மை இளகி, பழுப்பாகி, பஞ்சில் ஏறியது. உள்ளே அந்தப் பெண்ணின் இடுப்பு முழுசாக இருந்தது.

"குடுங்க, நான் துடைக்கிறேன்" என்றேன். மெஹர் இன்னொரு குச்சியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு படத்துக்கு மூன்று நிமிடம். அழுத்தினால் ஃபிலிம் உடையும். கடைசல் இயந்திரங்களின் இரைச்சலில் பேசவும் முடியவில்லை. நடுவில் வாசலில் இருக்கும் கடையில் தக்காளி சாதம் சாப்பிட்டோம், முப்பத்தைந்து ரூபாய், சுமார்தான். நாலரை மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு படங்கள் தேறின. ஏழு நொடி.

ஜெயசீலன் அதை ஓட்டிக் காட்டினார். அவள் ஆடினாள். ஏழாவது நொடியில் இடுப்பைச் சுழற்றத் தொடங்கும் இடத்தில் நின்றது. "மறுபடி போடுங்க" என்றாள் மெஹர். நான்காவது தடவை ஓடும்போது அவள் இடுப்பு லேசாக அசைந்து என் இடுப்பில் இடித்தது. அது தெரியாமல் பட்டதா என்று நான் கேட்கவில்லை.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சொந்த வண்டி இல்லையென்றால் பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் பேருந்தில் ஏறி, தொழிற்பேட்டைக்கு எங்கே இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து உள்ளே நிறைய நடக்க வேண்டியிருக்கும், முழங்கால்காரர்கள் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். பம்மலைப் பத்து மணிக்கு முன்பே தாண்டிவிடுவது நல்லது. சாப்பாடு கையில் கொண்டு போங்கள். வீட்டில் பழைய ரீல் இருந்தால் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாசனை வந்தால் தள்ளிப்போடாதீர்கள். எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் எதையும் துடைக்காதீர்கள். யாரையாவது பார்த்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். மெஹரின் அத்தாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆறு வருடம் பிந்திவிட்டேன்.

நாங்கள் எட்டு சனிக்கிழமைகள் போனோம். பங்குனி பிறந்த அன்று கடைசி அடிக்கு வந்தோம். ஆட்டம் முடிந்து அந்தப் பெண் தலை தாழ்த்தும் இடம், நாற்பது படம் பாக்கி. நான் பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டேன். மெஹர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத விட்டுடு கலா" என்றாள். "இது அத்தாவோட கை."