ரிப்போர்ட் நார்மல்... டாக்டர் விடவில்லை!

போன வாரம் ஒரு மறுவீட்டுப் பந்தி. இலையில் தேங்காய்ப்பால் சொதி விழுந்த நேரம், என் அத்தான் பக்கத்து இலைக்காரரிடம் சத்தமாகக் கேட்டார்:

"வே, ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. நான் குனிந்துகொண்டேன்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். போன வருஷம் இதே விஷயத்தை டாக்டரிடம் சொல்லவே கூச்சப்பட்டவர்! ராத்திரி ஐந்தாறு தடவை எழுந்திருக்கிறார் என்று போட்டுக் கொடுத்ததே அக்காதான்.

பாளையங்கோட்டை டாக்டர், புராஸ்டேட் சுரப்பியில் புற்று இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது; அக்காவும் நானும் கூடப் போயிருந்தோம். நார்மல்!

"எந்திரி மாப்ளே, பஸ்ஸப் பிடிப்போம்" என்று அத்தான் கிளம்பிவிட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார் டாக்டர். "சில பேருக்குப் புத்து இருந்தாலும் ரத்தத்துல காட்டாது. பின்பக்கமா விரல் வச்சுப் பாத்துருதேன்."

அத்தான் முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் வேண்டாம். அதான் ரிப்போர்ட்டே சொல்லுதே!"

அக்கா கதவை மறித்து நின்றாள். "நாலு பிள்ள பெத்தனே, என்னைய எத்தன பேரு பாத்தாவ? நான் வெக்கப்பட்டேனா? போயிப் படுங்க!"

படுத்தார். டாக்டரின் விரலில் ஓர் ஓரமாகக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். காத்திருந்த நாட்களில் அத்தான் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. என்னைத் தனியே அழைத்து, "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா... ஒங்கக்காவப் பாத்துக்கிடு மாப்ளே" என்றார்.

புற்றுதான். ஆனால், சுரப்பியைத் தாண்டிப் பரவவில்லை. மெட்ராஸில் ஆபரேஷன். இப்போது பாபநாசம் வரை சைக்கிள் மிதிக்கிறார். பார்க்கிற ஆண்களையெல்லாம் நிறுத்தி விசாரிக்கிறார். மூன்று பேரை அவரே டாக்டரிடம் இழுத்துப் போயிருக்கிறார்!

இதை எழுதி ஊருக்குச் சொல்லும் நான் மட்டும் தப்பிக்கலாமா? நேற்று அதே டாக்டரிடம் போய்ப் படுத்தேன். பயப்பட ஒன்றுமில்லையாம். மொத்தமே ஒரு நிமிஷம்தான் ஆனது.

அந்த ஒரு நிமிஷத்துக்குத் தயாராகத்தான்... எனக்கு ஒரு வருஷம் தேவைப்பட்டது!