ஆடாது, விடு

என் வீட்டுக்காரரை எல்லோரும் மாட்டு டாக்டர் என்பார்கள். ஆனால் நாயோ பூனையோ, எலும்பு முறிந்தால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். தோலுக்கு வெளியிலிருந்து எலும்புக்குள் கம்பிகளை இறக்கி, வெளியே ஒரு தண்டோடு சேர்த்து முடுக்கிவிடுவார். எலும்பு கூடும்வரை உடம்பைத் தாங்குவது அந்தக் கம்பிச் சட்டம்தான். அதில் கெட்டிக்காரர். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால்தான் வண்டவாளம் தெரியும்.

அவர் பழுது பார்த்த நாற்காலி ஆடும், கதவுக் கைப்பிடி ஆடும். கேட்டால், "ஆடாது, விடு" என்பார். அப்படிச் சொல்லி மாட்டிய சமையலறை அலமாரிதான் என் அம்மாவின் தோளில் இறங்கியது. அன்றிலிருந்து அம்மா அவர் கை பட்ட எதன் பக்கத்திலும் நிற்பதில்லை.

அந்த அம்மாவின் நாய்க்குத்தான் வண்டியில் அடிபட்டு முன்னங்கால் முறிந்தது. அப்பா போன பிறகு அம்மாவுக்குப் பேச்சுத் துணையே அதுதான். இன்னொரு டாக்டர் காலை எடுத்துவிடலாம் என்றதால், வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையிடம் கொண்டுவந்தார். கால் போனால் உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து மறுநாளே நாய் காலை ஊன்றியது. அம்மா முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது. இவர் குனிந்து தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தார். எங்கள் கண்ணுக்கு ஆட்டம் எதுவும் தெரியவில்லை. இப்போதாவது அந்த 'ஆடாது, விடு'வைச் சொல்லித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஆடுது அத்தை. மறுபடியும் போடணும்."

வீக்கத்துக்கு இடம் விட்டு, தண்டைக் காலிலிருந்து தள்ளி வைத்துவிட்டாராம். தள்ளிப் போகப் போகக் கம்பி வளைந்து கொடுக்குமாம், இந்த நாயின் கனத்துக்குத் தாங்காதாம். தப்பு என்னுடையதுதான் என்று அம்மாவிடமே சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து என் காதில் விழாத வார்த்தை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நாய் மேல் பொறாமையாகவும் இருந்தது. அன்றைக்கே தண்டை நெருக்கி வைத்து, கூடுதலாக இரண்டு கம்பியும் இறக்கினார்.

எலும்பு கூடியது. சட்டத்தைக் கழற்றியதும் நாய் வீடெல்லாம் ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு சமையலறைக்கு வந்த அம்மா, அலமாரியைப் பார்த்ததும் எட்டியே நின்றுவிட்டார். திரும்ப மாட்டியாயிற்று, இனி ஆடாது என்றார் இவர்.

"மாப்பிள்ளை, அதை நம்ம நாயோட காலுன்னு நெனச்சு ஒரு தடவை அசைச்சுப் பாருங்க."

அசைத்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போனார்.